கிளாரா டேவிசின் குழந்தை உணவுத்தேர்வு ஆய்வு

1920களில் அமெரிக்கக் குழந்தை எதை, எப்போது, எவ்வளவு உண்ண வேண்டும் என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்டவணையே முடிவு செய்தது. உண்ண மறுத்த குழந்தைகளுக்கு ஊட்டுவது வீடுகளில் தினசரிப் போராட்டமாக இருந்தது. குழந்தையின் கையிடமே பொறுப்பை விட்டால் என்ன ஆகும் என்று குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1926இல் சோதிக்கத் தொடங்கினார்.

பால்குடி மறந்த, திட உணவை அறியாத கைக்குழந்தைகளின் முன் தட்டுகள் வைக்கப்பட்டன. பால், முட்டை, ஈரல், எலும்பு மச்சை, வாழைப்பழம், காய்கள் என மொத்தம் 34 வகைகள், வேளைதோறும் சில. செவிலி கரண்டியுடன் அருகில் சும்மா அமர்ந்திருப்பார். குழந்தை ஒரு தட்டை நோக்கிக் கைநீட்டினால் மட்டுமே ஊட்டலாம். விரலால் அள்ளினாலும் சிந்தினாலும் திருத்தக்கூடாது. ரிக்கெட்சு நோயுடன் வந்த ஒரு குழந்தை, எதிரே வைத்த மீன் எண்ணெயை நோய் தீரும்வரை விரும்பிக் குடித்தது, பிறகு தொடவில்லை.

1939இல் 15 குழந்தைகளின் முடிவுகளைத் தொகுத்த டேவிஸ், அனைவரும் நன்கு வளர்ந்ததாகக் கூறினார். ‘குழந்தையின் உடலுக்கே எல்லாம் தெரியும்’ என்று இதைப் பலர் விளங்கிக்கொண்டது பிழை. தட்டுகளில் சர்க்கரையோ தீட்டிய மாவோ இல்லை. அந்தப் பட்டியலில்தான் சூட்சுமம் என்று அவரே சொன்னார். பிள்ளைகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், ஆய்வு விடுதியிலேயே வளர்ந்தனர் என்பதும் நெருடலானது. பதப்படுத்திய உணவுகளைக் கொண்டு அடுத்த ஆய்வை நடத்த அவர் எண்ணியிருந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் பணம் கிடைக்காமல் அது நின்றுபோனது.