திருடிய பணம் எந்தக் கணக்குக்குப் போகும்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஹேக்கர் என்றதும் இருட்டறையில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டும் ஒரு மேதைதான் நம் கண்முன் வருகிறான். சினிமா செய்த வேலை அது. பணத்துக்காக நடந்த கம்ப்யூட்டர் திருட்டுகளின் வரலாற்றைப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. உள்ளே புகுவது பாதி வேலைதான். எடுத்த பணத்தை யார் பெயரில் வாங்குவது என்ற இடத்தில்தான் பலர் சறுக்கியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் பணம் பெரிய நோக்கமே இல்லை. 1988இல் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஏவிவிட்ட 'புழு' ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அவருக்கு அதில் ஒரு காசு லாபமில்லை. அடுத்த ஆண்டே கதை மாறியது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 பிளாப்பி டிஸ்குகள் தபாலில் போயின. அதைப் போட்டவர்களின் கோப்புகள் பிறகு மறைந்துவிடும். மீண்டும் வேண்டுமானால் பனாமா நாட்டுத் தபால் பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்ப வேண்டும்! இன்றைய ரான்சம்வேருக்கு இதுதான் தாத்தா. அனுப்பியவர் ஜோசப் பாப் என்ற உயிரியல் அறிஞர். பிடிபட்டார், மனநிலை சரியில்லை என்று விசாரணை நடக்கவில்லை.

1994இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடியே விளாடிமிர் லெவின் அமெரிக்காவின் சிட்டிபேங்குக்குள் புகுந்தார். ஒரு கோடி டாலருக்கு மேல் பல நாட்டுக் கணக்குகளுக்கு மாற்றினார். ஆனால் கணக்கில் விழுந்த பணத்தை எடுக்க ஒரு ஆள் வங்கிக்கு நேரில் போயாக வேண்டுமே! சான் பிரான்சிஸ்கோ, ராட்டர்டாம், டெல் அவிவ் என்று எடுக்கப் போனவர்கள் ஒவ்வொருவராகச் சிக்கினார்கள். சுமார் 4 லட்சம் டாலர் போக மீதியை வங்கி மீட்டுவிட்டது. 1995இல் லண்டன் விமான நிலையத்தில் லெவினும் கைதானார்.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்கள் 2016இல் வங்கதேச மத்திய வங்கியில் கை வைத்தவர்கள். பிப்ரவரி 4, வியாழன் இரவு. வெள்ளி, சனி வங்கதேசத்தில் விடுமுறை. அவர்கள் விழித்துக்கொள்ளும்போது நியூயார்க்கில் ஞாயிறு. திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. எப்படிக் காலண்டர் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்! பரிமாற்றங்களை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள்.

நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேசப் பணத்தை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95 கோடி டாலர். மணிலாவில் பணம் வாங்கவேண்டிய கிளை ஜூபிடர் தெருவில் இருந்தது. அமெரிக்கா தடை செய்திருந்த ஒரு கப்பலின் பெயரிலும் தற்செயலாக 'ஜூபிடர்' இருந்ததால் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு நிறுத்தியது. 5 உத்தரவுகள் மட்டும் தப்பின. அதில் 2 கோடி டாலர் இலங்கையின் ஷாலிகா ஃபவுண்டேஷனுக்கு. உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்பதற்கு 'ஃபேண்டேஷன்' என்று எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கி விளக்கம் கேட்டது, பணம் திரும்பியது. (எழுத்துப்பிழைக்கு மார்க் குறைத்தபோது கோபித்துக்கொண்ட என் மாணவர்கள் கவனிக்கவும்.)

மிச்சம் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவில் ஒரு வங்கிக் கிளையின் நான்கு கணக்குகளில் விழுந்தது. ஒன்பது மாதம் முன்பே பொய்ப் பெயர்களில், தலா 500 டாலர் போட்டுத் திறந்து வைத்த கணக்குகள். அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குப் போனது. அன்றைய பிலிப்பைன்ஸ் சட்டத்தில் கருப்புப் பண விதிகள் சூதாட்ட விடுதிகளைத் தொடாது. பெரும்பகுதி அங்கேயே கரைந்தது.

இதைச் செய்தது வடகொரிய அரசுக்காக வேலை செய்யும் குழு என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. வடகொரியா மறுக்கிறது. 2018இல் ஒருவர் மீது வழக்குப் பதிந்தார்கள்; ஆள் கைக்கு எட்டவில்லை. ஆனால் 2019இல் மணிலா நீதிமன்றம் ஒருவருக்குத் தண்டனை கொடுத்தது. அந்தக் கிளையின் மேலாளர் அவர், ஒரு பெண். எட்டுக் குற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 7 ஆண்டு வரை சிறை.

பிட்காயின் வந்தபின் வங்கிக்கணக்கே வேண்டாம் என்று திருடர்கள் நினைத்தார்கள். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்திடம் 75 பிட்காயின் பறித்தார்கள். ஒரே மாதத்தில் 63.7 காயினை எஃப்.பி.ஐ. திரும்பப் பிடித்தது. நம் ஊரில் நடக்கும் ஆன்லைன் மோசடிகளுக்கோ இன்றும் அடுத்தவர் பெயரில் ஒரு வங்கிக்கணக்கு தேவைப்படுகிறது.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கல்லூரியில் படிக்கும் தம்பியிடம் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் யாரோ மாத வாடகைக்குக் கேட்கிறார்களாம். "சும்மாதானே சார் கிடக்குது, குடுத்தா என்ன?" என்றாள். போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னேன். மணிலா கதையை முழுதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "அந்த மேனேஜரம்மாவுக்குத் தண்டனை. பணத்த எடுத்தவன் எங்க சார்?"