எல்லைக்கோட்டில் நிற்கும் தைராய்டு: யாருக்கு முற்றும், யாருக்குச் சரியாகும்?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டி.எஸ்.ஹெச். மட்டும் கூடியிருக்கும், டி4 ஹார்மோன் சரியான அளவில் இருக்கும். இதையே தைராய்டின் லேசான குறைபாடு என்கிறார்கள். அறிக்கையைக் கையில் வாங்கியவருக்கு உடனே எழும் கேள்வி, 'இனி ஆயுள் முழுக்க மாத்திரைதானா?' என்பதே. அப்படி இல்லை.

டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் வேலை செய்' என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு சற்றுச் சோர்ந்தால் கட்டளை பலமாகும். அந்த உந்துதலால் தைராய்டு தேவையான ஹார்மோனைக் கொடுத்துவிடுகிற வரை டி4 குறையாது.

முதலில் செய்ய வேண்டியது இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. கடுமையான நோயிலிருந்து தேறி வரும்போதும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியிலும் இந்த அளவு தற்காலிகமாக ஏறி இறங்குவதுண்டு. வயது கூடக் கூட இயல்பாகவே சற்று உயரும். ஒரே ஒரு அறிக்கையை வைத்து மாத்திரையைத் தொடங்கிவிட்டு, பின்னர் அது தேவைதானா என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள்.

மறுபரிசோதனையிலும் அளவு கூடியிருந்தால், அது முற்றுமா என்பதை எப்படி அறிவது? இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள விக்கம் பகுதியில் நடந்த ஆய்வு. 1972 முதல் 1974 வரை 2,779 பேரைப் பரிசோதித்து, இருபது ஆண்டுகள் கழித்து அவர்களைத் திரும்பத் தேடிச் சென்றார்கள்; முடிவுகள் 1995இல் வெளியாயின. பெண்களில் டி.எஸ்.ஹெச். கூடுதலாகவும், தைராய்டைத் தாக்கும் எதிரணுக்கள் ரத்தத்திலும் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 4.3 சதவீதம் என்ற வேகத்தில் குறைபாடு முற்றியது. டி.எஸ்.ஹெச். மட்டும் கூடியிருந்தவர்களுக்கு 2.6 சதவீதம், எதிரணு மட்டும் இருந்தவர்களுக்கு 2.1 சதவீதம். இருபது ஆண்டு முடிவில் இது முறையே 55, 33, 27 சதவீதமாக நின்றது. அதாவது, மிக அதிக ஆபத்துள்ள பிரிவில்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் முற்றவில்லை!

எனவே டி.பி.ஓ. எதிரணுப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்து பார்ப்பது நல்லது. அடுத்த அடையாளம் டி.எஸ்.ஹெச்.சின் அளவுதான். 10ஐத் தாண்டியவர்களுக்கு முற்றும் வாய்ப்பு தெளிவாக அதிகம் என்பதால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கப்படுகிறது. அதற்குக் கீழே, 5, 6 என்று நிற்பவர்களில் கணிசமானோருக்குத் தானாகவே இயல்புக்குத் திரும்பிவிடும். முன்பு கதிரியக்க அயோடின் சிகிச்சையோ கழுத்தில் கதிர்வீச்சோ பெற்றவர்கள், லித்தியம், அமியோடரோன் மருந்துகளை உட்கொள்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முதியவர்கள் விஷயத்தில் அவசரம் இன்னும் குறைவு. 65 வயது கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், தைராய்டு மாத்திரையால் சோர்வோ மற்ற அறிகுறிகளோ குறைந்ததாகத் தெரியவில்லை. அளவுக்கு மீறிய மாத்திரையோ இதயத் துடிப்பைக் குழப்பும், எலும்பையும் பலவீனமாக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைக்கு முயல்வோருக்கும் மேற்சொன்ன பொறுமை பொருந்தாது. கருவின் மூளை வளர்ச்சி ஆரம்ப மாதங்களில் தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அவர்கள் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவர்கள், எதிரணு இருந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை, முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில், ஒரே நேரத்தில் பரிசோதித்துப் பழைய அறிக்கைகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டால், அளவு ஏறுகிறதா, நிற்கிறதா என்பதை மருத்துவர் எளிதில் கண்டுகொள்வார்.