ஆள்வோரும் வருமான வரியும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

இந்தியாவில் வருமான வரியின் சரித்திரம், 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சியால் வெறுமையுற்ற கஜானாவை நிரப்பும் பொருட்டு, 1860இல் ஆங்கில அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்ஸன் கொணர்ந்த சட்டத்தோடு தொடங்குகிறது. அன்று வரியை விதித்தவர் அந்நியர்; செலுத்தியவர் குடிகள். சுதந்திரத்தின் பின்னரோ, வரி விதிக்கும் அதிகாரம் குடிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடம் வந்து சேர்ந்தது. ஆதலின், அவர்கள் தாம் விதித்த வரியைத் தாமும் செலுத்துகின்றனரா, தம் சொத்தின் அளவை வாக்காளருக்கு அறிவிக்கின்றனரா என்னும் இரு வினாக்கள் எழுந்தன. தனித்தனியே வளர்ந்த இவ்விரண்டும் உத்தரப் பிரதேசத்தில் எவ்வாறு எதிர்ப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1981ஆம் ஆண்டில், விசுவநாத பிரதாப் சிங் முதலமைச்சராயிருந்தபோது, மந்திரிகளின் சம்பளம், படிகள் பற்றிய சட்டமொன்று அம்மாநிலத்தில் இயற்றப்பட்டது. மந்திரிகளின் சம்பளத்திற்குரிய வருமான வரியை அரசாங்கமே ஏற்கும் என்று அது விதித்தது. மந்திரிகளிற் பலர் வறியவர், அவர்தம் வருவாய் சொற்பம் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அதன் பின்னர் கட்சிகள் மாறின, முதலமைச்சர்கள் மாறினர். அச்சலுகை மட்டும் மாறவில்லை.

சொத்து விவரத்தின் கதை வேறு. 1964இல் ஊழல் தடுப்பு பற்றிய சந்தானம் குழு தன் அறிக்கையை அளித்த காலத்தில் வகுக்கப்பட்ட நடத்தை விதிகள், மந்திரிகள் தம் சொத்துக்களையும் கடன்களையும் பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ தெரிவிக்க வேண்டுமென்றன. ஆயினும் அது ஆள்வோருக்குள்ளேயே அடங்கிய ரகசியமாக நின்றது. 1999இல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கே இந்நிலையை மாற்றியது. வேட்பாளரின் சொத்தை அறிவது வாக்காளரின் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதைக் குறுக்குவதற்காகப் பாராளுமன்றம் செய்த திருத்தத்தையும், 2003 மார்ச் 13ஆம் நாள் அந்நீதிமன்றமே செல்லாததாக்கிற்று. 2018இல் வருமானத்தின் மூலத்தையும் வெளியிட வேண்டுமென்று தீர்ப்பு வந்தது. 2019இல் ஐந்து வருஷங்களுக்குரிய வருமான விவரமும் வேட்பாளர் அளிக்கும் பிரமாணப் பத்திரத்தில் இடம்பெறலாயிற்று.

இப்பத்திரங்களின் முன்னே 1981இன் நியாயம் நிலைக்க முடியாததாயிற்று. அம்மாநிலத்தில் நான்கு முறை முதலமைச்சராயிருந்த மாயாவதி, 2012இல் மாநிலங்களவைக்குப் போட்டியிட்டபோது அறிவித்த சொத்தின் மதிப்பு 111 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. வறுமையைக் காரணமாகக் காட்டிய சட்டம், வறுமை நீங்கியதற்கு ஆள்வோரே கையொப்பமிட்டுச் சாட்சி கூறிய பின்னும், உயிரோடிருந்தது. 2019 செப்டம்பரில் செய்தித்தாள் ஒன்று இதனை வெளிப்படுத்தியபோது, ஒரு நிதியாண்டில் மந்திரிகளுக்காக அரசாங்கம் செலுத்திய வரி சுமார் 86 லட்ச ரூபாய் என்று தெரியவந்தது. உடனே, இனி மந்திரிகளே செலுத்துவர் என்று அரசாங்கம் அறிவித்தது. 1972 முதல் இவ்வழக்கம் நிலவிய மத்தியப் பிரதேசமும் 2024 ஜூனில் அதைக் கைவிட்டது.

இச்சரித்திரத்தை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகிறது: ஆள்வோர் தம் சலுகையைத் தாமாக உவந்து துறப்பது அரிது; நீதிமன்றத்தின் ஆணையும், பத்திரிகையின் விழிப்புமே பெரும்பாலும் துறக்கச் செய்தன. இன்னும் குறைகள் உள. 1886இன் சட்டம் விவசாய வருமானத்துக்கு அளித்த விலக்கு இன்றும் நீடிப்பதால், பிறவழி வருவாயை அதன் நிழலில் ஒதுக்குதல் எளிதாகிறது; பிரமாணப் பத்திரத்தில் கூறிய ஒவ்வொன்றையும் தவறாது சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. அத்தகைய பரிசோதனையைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். வரி விதிக்கும் கை, வரி செலுத்துவதிலும் முந்துதலே ஜனநாயக தர்மம்.