மந்தை, ஊருணி, பூங்கா: டி. கல்லுப்பட்டி வட்டாரத்துப் பொதுவெளிகளின் வரலாறு

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், கரிசல் நிலமும் மழையை நம்பிய கண்மாய்களும் சூழ அமைந்த ஊர் டி. கல்லுப்பட்டி. இந்த ஊரையும் இதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் பொறுத்தவரை, பெற்றோரும் பிள்ளைகளும் மாலையில் சேர்ந்து சென்று அமர்வதற்கென்றே அரசு வேலியிட்டு, மரம் வைத்து, ஊஞ்சல் கட்டிய பூங்கா மிகப் பிந்திய வரவாகும். அதற்கு முன் மக்கள் எங்கே கூடினர், குழந்தைகள் எங்கே விளையாடினர், அவ்விடங்களில் யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்பவற்றை அறியாமல் பூங்காவின் வரலாற்றை எழுத இயலாது. பூங்காக்கள் பலவும் அந்தப் பழைய பொதுநிலங்களின் மீதே எழுந்தன.

அந்நிலங்களுள் முதன்மையானது மந்தை. மேய்ச்சலுக்குப் போகும் ஆடுமாடுகள் காலையில் ஒன்று சேரும் திடலாகத் தொடங்கிய மந்தை, காலப்போக்கில் ஊர்க்கூட்டத்துக்கும், கூத்துக்கும், மஞ்சுவிரட்டுக்கும், அம்மன் கொடைக்கும் உரிய களமாக விரிந்தது. அதன் ஓரத்தில் அரசும் வேம்பும் பின்னி வளர்ந்த மேடை ஒன்றும், பெரியவர்கள் அமர்ந்து வழக்குப் பேசும் கூரையிட்ட கட்டடமாகிய சாவடியும் இருப்பது வழக்கம். இளைஞர்கள் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்து தம் வலிமையைக் காட்டுவதற்கென வைக்கப்பட்ட உருண்டைப் பாறையாகிய இளவட்டக்கல் இன்றும் இவ்வட்டாரத்து மந்தைகள் சிலவற்றில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது. மந்தைக்கு அடுத்த நிலையில் இருந்தது ஊருணி. குடிநீருக்கென்றே மழைநீரைத் தேக்கி, கால்நடைகள் இறங்காதவாறு ஊரார் காவல் காத்த சிறு குளம் அது. பாசனத்துக்கான பெரிய நீர்நிலையாகிய கண்மாயின் கரையும், அதையொட்டிய புளியந்தோப்பும் கோடை நண்பகலில் சிறுவர்களுக்கு உரியனவாக இருந்தன. ஆங்கிலேயர் காலத்து நில அளவைக்குப் பின் இவையனைத்தும் புறம்போக்கு, அதாவது தனியார் பட்டாவுக்கு உட்படாத, வரி விதிக்கப்படாத நிலம் என்று வகைப்படுத்தப்பட்டு, மந்தைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு என்று வருவாய்த்துறைக் கணக்கில் ஏறின.

இந்த வெளிகளை எல்லாருக்கும் பொதுவான சொத்தாக எண்ணி ஏங்குவது எளிது. வரலாறு அதற்கு இடம் தருவதில்லை. மந்தையும் சாவடியும் பெரும்பாலும் ஆண்களின் இடங்கள். பெண்களுக்குப் பகலில் வாய்த்த பொதுவெளி தண்ணீர் எடுக்கப் போகும் ஊருணிப் படிக்கட்டே. சிறுமியரின் பல்லாங்குழியும் தாயமும் திண்ணையைத் தாண்டி வெளியே வந்தது அரிது. குடும்பம் முழுவதும் ஒரே திடலில் ஒன்றாக அமரும் வாய்ப்பைத் திருவிழாவே தந்தது. சட்டிகளில் நவதானியம் முளைக்க வைத்துப் பெண்கள் தலையில் சுமந்து வரும் முளைப்பாரியின்போதும், அதைச் சுற்றி நின்று கும்மி கொட்டும் இரவுகளிலும், பல ஊர்ச் சப்பரங்கள் அணிவகுக்கும் ஏழூர் அம்மன் திருவிழாவிலும் மந்தை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிச் சென்று, வைகை மணலில் கட்டுச்சோறு பிரித்து, அழகர் ஆற்றில் இறங்குவதைக் கண்டு திரும்பியதும் அத்தகைய குடும்ப உலாவே.

சாதியின் தடை இதைவிடக் கடுமையானது. ஒடுக்கப்பட்ட மக்கள் ஊருணியில் நீர் மொள்ளவும் சாவடியில் ஏறவும் தடுக்கப்பட்டிருந்த நிலையில், பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். 1938-இல் அவ்வுரிமையை உறுதிசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சியோ நகராட்சியோ அமைத்த பூங்காவின் உண்மையான புதுமையை இங்கேதான் காண வேண்டும். நுழைவதற்கு ஒருவரின் குலத்தையோ தெருவையோ கேட்கச் சட்டம் இடம் தராத முதல் திடல்களுள் ஒன்று அது. அதன் ஊஞ்சலில் எந்தத் தெருக் குழந்தையும் ஏறலாம்.

இத்தகைய பூங்கா உலக அளவிலும் பழமையான அமைப்பன்று. இங்கிலாந்தின் டெர்பி நகரில் 1840-இலும், மக்கள் வரிப்பணத்தைக் கொண்டு பர்க்கன்ஹெட்டில் 1847-இலும் பூங்காக்கள் திறக்கப்பட்டன. அதே பத்தாண்டில் மதுரையின் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தார். சுவரை இடிக்க முன்வந்தோருக்கே அந்நிலம் மனைகளாகப் பிரித்துத் தரப்பட்டு, வெளிவீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உருவாயின. நகரின் நெரிசல் தணிந்தது உண்மையே. ஆயினும் நகரைச் சுற்றி வளைத்துக் கிடந்த அவ்வளவு பெரிய நிலத்தில் ஒரு சோலைக்குக்கூட இடம் ஒதுக்கப்படாதது பேரிழப்பாகும், அதன் விளைவை மதுரை இன்றும் சுமக்கிறது. சென்னையில் 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் முனைந்ததால் மத்திய ரயில் நிலையப் பகுதியில் மக்கள் பூங்கா அமைந்தது. குளங்களும் விலங்குக் காட்சிச்சாலையும் கொண்டிருந்த அப்பூங்கா, பின்னர் வந்த கட்டடங்களுக்குச் சிறிது சிறிதாக இடம் கொடுத்தே மறைந்தது.

பூங்காவுக்கு மக்களை ஈர்த்ததில் மரங்களுக்கும் மலர்களுக்கும் நிகராக வானொலிக்கும் பங்குண்டு. 1930-இல் சென்னை மாநகராட்சி தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்கள் கேட்பதற்காகப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகளைப் பொருத்தியது. இவ்வழக்கம் பின்னர்ச் சிறு நகரங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் பரவியது; மாலைச் செய்தியும் இசையும் கேட்கப் பூங்காவுக்குப் போவது பல ஊர்களில் அன்றாட நிகழ்வாயிற்று. அரசியல் கூட்டங்களும் பூங்காக்களைத் தேடி வந்தன. 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்க விழாப் பொதுக்கூட்டம் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்தது.

மதுரைப் பகுதிக்கு 1959 தனிச்சிறப்புடைய ஆண்டு. அவ்வாண்டு சனவரியில் வைகை அணை திறக்கப்பட்டது; அதன் இரு கரைகளிலும் வளர்ந்த பூங்கா, சிறுவர் ரயிலும் நீரூற்றுகளும் கொண்டு, உசிலம்பட்டி முதல் பேரையூர் வரையுள்ள சிற்றூர்க் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு பேருந்தில் சென்று ஒரு பகல் முழுவதும் தங்கிவரும் இடமாயிற்று. அணையோடு பூங்காவை இணைக்கும் இம்முறைக்கு மைசூரை அடுத்த பிருந்தாவனத் தோட்டம் முன்மாதிரி. ஏப்ரல் 15-ஆம் நாள், இராணி மங்கம்மாளின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை நேரு திறந்து வைத்தார். அதன் அருகில் பின்னர் அமைந்த இராஜாஜி சிறுவர் பூங்கா, மதுரைக்கு வரும் வெளியூர்க் குழந்தைகள் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அடுத்து நினைவில் வைத்துக்கொள்ளும் இடமாக வளர்ந்தது. அதே 1959-இல் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் உள்ள பூங்காக்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்றும், பட்டியலில் ஏறிய நிலத்தை அரசின் முன்னனுமதி இன்றி வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது வண்டியூர்த் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டுவித்த இக்குளம், நடுவில் மைய மண்டபமும் நாற்புறமும் கற்படிகளும் கொண்டு, தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்காக அமைந்தது. நீரின்றி வறண்ட காலங்களில் இதன் தரை சிறுவர்களின் கிரிக்கெட் திடலாக இருந்தது. பனையூர்க் கால்வாய் வழியாக வைகை நீர் வரத் தொடங்கியபின் படகுச் சவாரியும் மாலை உலாவும் பெருகியுள்ளன. பூங்கா என்று எவரும் திட்டமிடாமலே மதுரையின் மிகச் சிறந்த குடும்பப் பூங்காவாக விளங்கும் இக்குளத்துக்கு ஈடாகச் சொல்ல அண்மைக் காலத் திட்டம் எதுவும் இல்லை.

நகரம் திருமங்கலச் சாலையில் விரிந்தபோது விளைநிலங்கள் வீட்டுமனைகளாயின. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் நிபந்தனை. அதற்குக் குறைந்த, ஆனால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பரப்புக்கு நிலத்துக்குப் பதில் பணம் செலுத்தவும் வழியுண்டு. இரண்டாவது வழி புறநகரின் சிறு மனைப்பிரிவுகளில் வாழும் குழந்தைகளுக்கு நியாயம் செய்வதாகத் தோன்றவில்லை. பெற்ற பணத்தைக் கொண்டு அதே தெருவில் பின்னர் நிலம் வாங்குதல் அரிது. சிற்றூர்களைப் பொறுத்தவரை, 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளுக்கு நூலகத்தோடு விளையாட்டுத் திடலையும் தந்தது. 2016-இல் ஊராட்சிகளுக்கான அம்மா பூங்காத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

டி. கல்லுப்பட்டிக்கு இவ்வரலாற்றில் வேறொரு பங்கும் உண்டு. 1940-இல் கோ. வேங்கடாசலபதி இங்கு நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில், நிலைத்த பொருளாதாரம் குறித்து எழுதிய ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். இயற்கையின் வரவுக்கு மீறிச் செலவிடக் கூடாது என்னும் அவர் கொள்கை, கரிசல் மண்ணில் பூங்கா அமைப்போருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் இம்மண்ணில் நாள்தோறும் நீர் கேட்கும் புல்தரை முதல் வறட்சியிலேயே கருகிவிடும். வேம்பும் புங்கையும் ஆலும் மழைநீரை மட்டுமே கொண்டு நிழல் தரும். தூர்வாரிய ஊருணியின் கரையில் அம்மரங்களை நட்டு, விளக்கும் கழிப்பறையும் அமைத்து, மாலையில் ஒரு காவலரையும் நிறுத்தினால், பெண்கள் குழந்தைகளோடு அச்சமின்றி அமரும் பூங்காவுக்கு வேண்டிய நிலமும் நீரும் இவ்வட்டாரத்து ஊர்கள் பலவற்றிலும் புறம்போக்குக் கணக்கில் ஏற்கெனவே உள்ளன.