பறங்கிமலையில் தொடங்கிய அளவை: வில்லியம் லாம்ப்டனும் இந்திய நில அளவையும்

இந்தியாவைத் தெற்கு முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை அறிவியல் முறைப்படி அளந்த பெரும்பணி, சென்னைக்குத் தெற்கே பறங்கிமலையை ஒட்டிய சமவெளியில் 1802 ஏப்ரல் 10 அன்று வேர்கொண்டது. அதை முன்னெடுத்தவர் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. உலகின் மிக உயர்ந்த சிகரம் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரால் அறியப்படுகிறது. அந்த எவரெஸ்ட் லாம்ப்டனிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் பழகியவர்.

லாம்ப்டன் 1750களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 33ஆவது காலாட்படையில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போருக்குச் சென்றவர், 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது சிறைப்பட்டார். போருக்குப் பின் கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் நிலம் அளக்கும் வேலையில் இருந்தார். அங்கே பல ஆண்டுகள் தனிமையில் கணிதமும் வானியலும் கற்றார். 1790களின் இறுதியில் தம் படைப்பிரிவோடு இந்தியா வந்தார். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லியே அப்போது அப்படைக்குத் தலைவர்.

1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரின்போது, ஒரு நள்ளிரவில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்று இருளில் திசை தவறி எதிரியின் முகாமை நோக்கி நடந்தது. விண்மீன்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துத் தளபதி பேர்டை எச்சரித்தவர் லாம்ப்டன். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், மைசூர் நாட்டை அளக்கும் பணி காலின் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. லாம்ப்டன் அதைவிடப் பெரிய திட்டம் ஒன்றை முன்வைத்தார். கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் முக்கோணங்களால் இணைக்க வேண்டும். அதன் வழியாக இந்த நிலப்பரப்பில் பூமியின் வளைவையும் வடிவத்தையும் கணக்கிட வேண்டும் என்பதே அத்திட்டம். வெல்லெஸ்லியின் ஆதரவோடு, 1800இல் சென்னை அரசு இதற்கு இசைவளித்தது.

அதுவரை இருந்த வரைபடங்கள் பெரும்பாலும் சாலை வழியாகச் சக்கரம் உருட்டித் தூரம் கணித்து வரையப்பட்டவை. சாலை வளையும் இடமெல்லாம் பிழை சேர்ந்தது. முக்கோண அளவையில் இந்தச் சிக்கல் இல்லை. தரையில் ஒரே ஒரு கோட்டை மிகத் துல்லியமாக அளந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் கிடைத்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணங்கள் எழும். எல்லாமே முதல் கோட்டை நம்பியிருப்பதால், அந்த அடிக்கோட்டில் நேரும் சிறு பிழையும் நூற்றுக்கணக்கான மைல்களுக்குத் தொடரும்.

இதற்கென லாம்ப்டனுக்குக் கிடைத்த எஃகுச் சங்கிலிக்கே ஒரு வரலாறு உண்டு. லண்டன் கருவி வல்லுநர் ராம்ஸ்டன் செய்த அது, மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன பரிசுகளில் ஒன்று. அரசவை அதை ஏற்காததால் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் கருவியை லண்டனில் வில்லியம் கேரி செய்தார். ஏறத்தாழ அரை டன் எடை கொண்ட அக்கருவி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டு சென்றனர். அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

பறங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 40,000 அடி, அதாவது ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்கப்பட்டது. சங்கிலியின் நீளம் 100 அடி. ஆகவே அதை ஏறத்தாழ 400 முறை முனையோடு முனை பொருத்த வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகள் மேல் நிறுத்தி, வெப்பமானி வைத்து ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்தார்கள். மே 22 அன்று அளவை முடிந்தது.

அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கே பெங்களூர் வழியாக மங்களூர்க் கடற்கரை வரை சென்றன. 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டை நேரடியாக அளந்து பார்த்தார்கள். சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவு. அந்த வரிசை முடிந்தபோது, தீபகற்பத்தின் அகலம் அங்கே 400 மைல் அன்று, 360 மைல்தான் என்று தெரியவந்தது. அதுவரையிலான வரைபடங்கள் இல்லாத 40 மைல் நிலத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

அடுத்து, வடக்கு தெற்காக 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டி ‘பெரும் வில்’ எனப்படும் வரிசை தொடங்கியது. காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. அதனால் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. கருவியின் வட்டமே நெளிந்துபோயிற்று. லாம்ப்டன் தம் கூடாரத்துக்குள் அடைந்து, அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, சுமார் ஆறு வாரம் உழைத்துத் தம் கையாலேயே சீராக்கினார். 1809இல் அளவை குமரிமுனையை எட்டியது. பின்னர் வடக்கு நோக்கித் திரும்பி ஐதராபாத் நாட்டுக்குள் நுழைந்தது.

இது தனி ஒருவரின் சாதனை அன்று. சென்னையில் 1794இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு மூலம் அதுவே. லாம்ப்டனின் முதன்மை உதவியாளர் ஜோசுவா டி பென்னிங் சென்னையில் இப்படிப் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர். கொடி பிடித்தவர்கள், கருவி சுமந்தவர்கள், காடு வெட்டியவர்கள் எனப் பெயர் பதிவாகாத கலாசிகள் பலர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேன் பின்னாளில் இத்துறையின் கருவி செய்பவராக உயர்ந்து, ஐரோப்பிய வல்லுநர் இல்லாத நிலையிலும் நுட்பமான கருவிகளைப் புதுக்கிக் கொடுத்தார்.

1818இல் இப்பணி கல்கத்தாவின் நேரடிப் பொறுப்புக்கு மாறி, ‘இந்தியப் பெரும் முக்கோண அளவை’ என்று பெயர் பெற்றது. எவரெஸ்ட் உதவியாளராகச் சேர்ந்ததும் அந்த ஆண்டில்தான். 1823 ஜனவரியில், ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்ப்டன் காலமானார். அதற்குள் பெரும் வில்லில் சுமார் 10 பாகை அளந்து முடிக்கப்பட்டிருந்தது.

எவரெஸ்ட் அதை 1841இல் இமயத்தின் அடிவாரத்தில் டேராடூன் வரை கொண்டுபோய் முடித்தார். மொத்த நீளம் சுமார் 2,400 கி.மீ. அவருக்குப்பின் ஆண்ட்ரூ வா பொறுப்பேற்றார். பின்னர் எவரெஸ்ட் எனப் பெயர் பெற்ற, அப்போது ‘15ஆம் சிகரம்’ என்று குறிக்கப்பட்ட மலையின் உயரத்தைக் கணித்ததில் வங்காளக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தாரின் பங்கு பெரிது. 1856இல் அறிவிக்கப்பட்ட 29,002 அடி என்ற அளவு, 2020இல் நிறுவப்பட்ட 8,848.86 மீட்டரிலிருந்து 9 மீட்டர் மட்டுமே குறைவு. சமவெளியில் நூற்றுக்கும் மேற்பட்ட மைல் தள்ளி நின்று கண்டறிந்த உயரம் அது.

வடக்கே கிடைத்த ஒரு சிறு முரண் புதிய அறிவியலுக்கும் வழிவிட்டது. வானியல் கணக்குக்கும் தரை அளவைக்கும் சுமார் 5 விகலை வேறுபாடு இருந்தது. இமயமலை தூக்குக்குண்டைத் தன்பக்கம் இழுப்பதே காரணம் என்று கருதிய ஜான் பிராட், மலையின் பருமனை வைத்துப் பார்த்தால் இழுப்பு இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்று கண்டார். இதைப் பற்றி 1855இல் அவரும் ஜார்ஜ் ஏரியும் எழுதிய கட்டுரைகளிலிருந்து, புவி ஓட்டின் சமநிலைக் கோட்பாடு பிறந்தது.

இந்த அளவை ஆட்சிக்கும் கருவியாக இருந்தது. படை நகர்வு, வரி வசூல், இருப்புப்பாதை எல்லாம் இதன் துல்லியத்தால் பயன்பெற்றன. எவரெஸ்டின் காலத்தில் பார்வைக்கோட்டுக்குத் தடையாக இருந்த மரங்களும் வீடுகளும் அகற்றப்பட்டு, மக்கள் இன்னலுற்றனர். எனினும் அதே முக்கோண வலை, விடுதலைக்குப் பின் இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களுக்கும் அடித்தளமாயிற்று. உயர்ந்த சிகரம் எவரெஸ்டின் பெயரால் உலகறிந்ததாகிவிட்டது. லாம்ப்டன் ஹிங்கன்காட்டில் அடக்கம் செய்யப்பட்டிருப்பதைப் பலர் அறியார். இந்தியாவுக்குத் திருத்தமான வரைபடம் கிடைத்ததில் முதல் நன்றிக்கு உரியவர் அவரே. அவரோடு நின்று உழைத்த கலாசிகளுக்கும் அதில் சம பங்கு உண்டு.