கூலியாள் கணக்கு யார் கையில்?

மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்க அன்பர்கள் கேட்டார்கள். ராஜாக்கள் சரித்திரம் எழுத அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். அடியேன் பேரேடு எழுதிப் பழகிய வியாபாரி. தெரிந்ததெல்லாம் பற்றும் வரவும்தான். ஆகவே கொள்ளேகால் வட்டாரத்துக்குப் பிழைக்க வந்த விவசாயக் கூலி ஜனங்களின் கணக்கு யார் கையில் இருந்தது என்று பார்க்கலாம்னு தோணிச்சு.

கொள்ளேகால் நமக்குப் புதிய ஊர் இல்லை. 1956 அக்டோபர் முடிய அது சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த தாலுகா. நவம்பர் 1-ஆம் தேதி மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்தது. அந்நாளில் சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்பு என்றாலே கொள்ளேகால்தான். மல்பெரித் தோட்டத்துக்கும், நெல், கரும்பு, மஞ்சள் வயலுக்கும் ஆள் தேவைப்பட்டது. காவிரிக்கு அந்தப் பக்கம் சேலம் ஜில்லாவிலிருந்து வேலைக்கு வந்தவர், 1956 அக்டோபர் 31-ஆம் தேதி ராத்திரி படுக்கும்போது சொந்த ராஜ்யத்துக் கூலி. காலையில் எழுந்தபோது வெளி ராஜ்யத்துக் கூலி.

ஆனால் அவரைக் கட்டிய கயிறு அந்த எல்லையைவிடப் பழையது. அதற்குப் பெயர் முன்பணம். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம், கோயம்புத்தூர், மைசூர் மூன்றையும் வாட்டியது. குடகிலும் மைசூர் மலைநாட்டிலும் காப்பித் தோட்டங்கள் ஏற்கெனவே பெருகியிருந்தன. நமக்குப் பக்கத்துப் பிளிகிரிரங்கன் மலையிலும் 1888-ல் மோரிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்பித் தோட்டம் போட்டார். தோட்டத் துரை மேஸ்திரிக்குப் பணம் கொடுப்பார். மேஸ்திரி ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். பிறகு கூலியில் பிடித்துக்கொள்வார்கள். எழுதுவது மேஸ்திரி, கைநாட்டு வைப்பது கூலியாள்.

சட்டம் யார் பக்கம் இருந்தது? 1859-ஆம் வருஷத்து 13-ஆவது சட்டப்படி, முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், அல்லது வேலையை முடிக்கச் சொல்லலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குக் கடன்பட்டால் அது சிவில் வழக்கு. கூலியாள் கடன்பட்டால் ஜெயில்! இந்தச் சட்டத்தை 1926-ல்தான் எடுத்தார்கள். அப்போதும் குடகுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டு, 1931 வரை அதே கயிற்றை நீட்டித்தார்கள்.

இலங்கைக்குப் போன நம் ஜனங்களுக்கும் இதே கதி. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு. இவர்மேல் இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடனும் கூடவே போகும். 1921-ல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் சட்டம் திசை மாறியது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், கழிப்பிடம், வைத்தியம் எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக்கியது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடன்களையே செல்லாதாக்கியது. கன்னடத்தில் 'ஜீத' என்றும், நம்மில் பண்ணையாள், படியாள் என்றும் சொன்னதெல்லாம் அதற்குள் வரும். 1979-ன் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்குப் படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் தரவேண்டும் என்றது. கணக்கு முதல்முறையாகக் கூலியாள் கைக்கு வந்தது, காகிதத்திலாவது!

உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் இதை இன்னும் உறுதியாக்கியது. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பதே கட்டாய உழைப்பு என்றது. 1983-ல் அரியானா கல்குவாரி வழக்கில், கட்டாயமாக வேலை வாங்கினால் முன்பணத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொள்வோம், இல்லையென்று காட்டுவது முதலாளி பொறுப்பு என்றது. கணக்கு காட்டவேண்டியவர் யார் என்பது நூறு வருஷத்தில் தலைகீழானது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. தாமாகவே வந்தவரும் இப்போது வெளிமாநிலத் தொழிலாளர்தான், நல்லதே. ஆனால் அவர்களுக்கான பிரிவு, பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் இடத்துக்குத்தான். நம் பக்கத்து வயலில் ஐந்தாறு பேர்தானே இருக்கிறார்கள்! வாய்க்கால் ஓரம் பிளாஸ்டிக் விரிப்பில் கூடாரம், குளிக்க மறைவிடம் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. கடையில் அரிசி பருப்பு வாங்கினாலும் பற்று மேஸ்திரி பேரில்தான். பேரேட்டில் கூலியாளுக்கு ஒரு பக்கம் கிடையாது. எவ்வளவு தின்றோம், எவ்வளவு பாக்கி என்று கேட்டால் மேஸ்திரி சொன்னதே கணக்கு.

எங்கள் சமண மரபில் இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், சோறும் தண்ணீரும் தடுத்தல். உழவு மாட்டுக்குச் சொன்னதுன்னு நினைச்சுக்குவோம். முன்பணத்தால் ஆளைக் கட்டுவதும் கட்டுதல்தானே?

நம்மில் பலர் கடைக்காரர்கள், சிலர் நிலம் வைத்திருப்பவர்கள், சிலர் ஆள் கூட்டி வருபவர்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். நாள், வேலை, கூலி, முன்பணம், பிடித்தம், பாக்கி என்று ஆறு கட்டம் போட்ட தமிழ்க் கணக்குப் புத்தகம் ஒன்றைச் சங்கம் அச்சிட்டு, வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்கட்டும். அச்சுக்கூலி பெரிய தொகை இல்லை. கடையில் பற்று எழுதும்போது அவர்கள் புத்தகத்திலும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே கணக்கு இருந்தால்தான் அது கணக்கு. எந்த வியாபாரிக்கும் இது தெரியும்.