பெரிய டயர் மாட்டியதும் டிரக் திணறுவது ஏன்? பாலைவன வண்டிக்கு எந்த கியர் விகிதம் சரி?

மெக்சிகோவில் 1967-ல் தொடங்கிய 'பாஹா 1000' பந்தயத்தைப் பார்த்துவிட்டு, வீட்டு பிக்கப் டிரக்கை பாலைவன வண்டியாக மாற்றுபவர்கள் அமெரிக்காவின் தென்மேற்கில் ஏராளம். சஸ்பென்ஷன், லைட், பெரிய டயர் என்று தாராளமாகச் செலவு செய்வார்கள். ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் மட்டும் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். சில நேரம், நடு மணலில் கியர்பாக்ஸ் சூடேறி வண்டி நின்ற பிறகு.

டயர் மாறினால் என்ன ஆகும்?

ஆக்சில் விகிதம் 3.73 என்றால், புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். 31 அங்குல டயரைக் கழற்றி 37 அங்குல டயர் மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 19 சதவீதம் கூடுதல் தூரம் போகும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இழுவை அதே அளவுக்கு அடிபடும். மேட்டில் சைக்கிளை டாப் கியரில் மிதிப்பது போலத்தான். ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால், அது 100 காட்டும்போது வண்டி உண்மையில் 119 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பாதிப்பு இன்னும் அதிகம். இழுக்க முடியாமல் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும், அந்த வழுக்கல் எல்லாம் வெப்பமாக மாறும்.

கணக்கு எப்படி?

பழைய விகிதத்தை புது டயர் அளவால் பெருக்கி, பழைய டயர் அளவால் வகுக்க வேண்டும். 3.73 × 37 ÷ 31 = 4.45. கடையில் கிடைப்பதில் இதற்கு நெருக்கமானது 4.56. ஆனால் அது வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதோடு சரி. ரோல் கேஜ், ஸ்டெப்னி, கூடுதல் பெட்ரோல், மணலின் பிடிப்பு எல்லாம் சேர்வதால் 4.88 பொருத்தமாக இருக்கும்.

அதற்கும் விலை உண்டு. 1:1 கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு, 37 அங்குல டயரோடு 4.56-ல் எஞ்சின் சுமார் 2,570 ஆர்.பி.எம். சுற்றும், 4.88-ல் சுமார் 2,750. நெடுஞ்சாலையில் ஓவர்டிரைவ் கியர் இருந்தால் சமாளிக்கலாம்.

பாறைக்கு வேறு, மணலுக்கு வேறு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜீப் ரூபிகானில் வரும் 4:1 லோ ரேஞ்ச், பாறையில் ஊர்ந்து ஏறுவதற்கானது. மணல்மேட்டில் சக்கர வேகம் குறைந்தால் வண்டி புதைந்துவிடும். மணலுக்கு சாதாரண ஜீப்பின் 2.72:1 போதும்.

விகிதம் ஏற ஏற பினியன் சிறுத்துப்போகும் என்பதையும் கவனிக்கணும். பொதுவாக 4.10-க்கு பினியனில் 10 பல், 4.88-க்கு 8 பல்தான். பள்ளத்தில் தாவி விழும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருந்தால், மொத்த அதிர்ச்சியும் அந்தப் பற்களில்தான் இறங்கும். வண்டி தாவும் என்றால் முதலில் பெரிய ஆக்சில், பிறகுதான் விகிதம்.

4×4 வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் ஒரே விகிதம் வேண்டும். செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதனால் டயர் அளவை முடிவு செய்யாமல் கியர் வாங்கக் கூடாது. 35 அங்குலத்துக்கு வாங்கிவிட்டு அடுத்த வருடம் 37-க்குப் போனால் இரண்டு ஆக்சிலையும் மறுபடி பிரிக்கணும். புது கியரை ஆரம்பத்தில் மெதுவாக ஓட்டி, இடையிடையே ஆறவிட்டு, சுமார் 800 கி.மீ. ஆனதும் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றிய பிறகே மணலில் இறக்க வேண்டும்.